வாழ்ந்து வருகிறார்

எதிருரையின் ஏழாம் பத்தியில்
என்னைப் பற்றி ஒரு வரி:
மனுதாரர் முறைகேடான உறவில்
வாழ்ந்து வருகிறார்.

நாகர்கோவில் குடும்பநல நீதிமன்ற வராந்தாவில்
வக்கீல் அஜிதகுமாரி அதன் அடியில்
பச்சை மையால் கோடிழுத்தாள்.
"வாழ்ந்தாரா, வாழ்ந்து வருகிறாரா?
ஒனக்க ஜீவனாம்சம் முழுக்க
இந்த ஒரு வார்த்தையிலதான்
தொங்கிட்டு கெடக்கு, எப்சி."

ஒருமுறை வழுக்கினால் கணக்கில்லையாம்.
வழுக்கிய இடத்திலேயே பாய் விரித்தால்தான்
மாதப் பணம் நிற்குமாம்.
எத்தனை நாள் என்று கேட்டாள்.

எடவப்பாதி மழையில்
வெட்டு நின்றுபோன பதினொரு நாள்.
அதில் மூன்று நாள் அவன் வரவில்லை.
எட்டு, என்றேன்.
அவள் எழுதவில்லை.
பேனாவை மூடிவிட்டு
சாயா குடிப்போமா என்றாள்.

வின்ஸ்லினுக்குப் பள்ளியாடியில்
ஒன்பது வருஷமாய் இன்னொரு வீடு.
அங்கே அவனுக்கென்று ஒரு சாரம், ஒரு சவரக்கத்தி,
அவன் பைக் சத்தத்துக்கு வாலாட்டும் நாய்.
அதைச் சொன்னால்?

"சொல்லலாம். விவாகரத்து கிடைக்கும்.
சென்ட் கிடைக்காது.
பாதி பாதின்னு நம்ம சட்டத்துல ஒண்ணும் கெடையாது.
பத்திரத்துல யாருக்க பேரோ அவுகளுக்க நிலம்.
அவன் எத்தன வீட்டுல உறங்கினாலும்
பத்திரம் முழிச்சுத்தான் இருக்கும்."

அருமனைக்கு மேற்கே அறுபத்திரண்டு சென்ட்.
வாங்கும்போது என் இருபத்திமூன்று பவன் போனது.
விற்ற கடையில் ரசீது தரவில்லை,
கேட்க எனக்கும் தோன்றவில்லை.
நூற்றுப் பதினெட்டு மூடு ரப்பர்.
எந்த மூட்டில் கத்தியை எவ்வளவு சரித்தால்
பால் வழியாமல் சிரட்டைக்கு இறங்கும் என்று
இருட்டில் கைக்குத் தெரியும்.
முப்பத்தாறாவதில் கட்டெறும்பு.
தொண்ணூறாவது,
இடி விழுந்தும் கறக்கும்.
நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு
பன்னிரண்டு வருஷம் விடியுமுன்னே
சுற்றி வந்தேன்.
'வெட்டி வருகிறார்' என்று
ஒரு பத்தியிலும் இல்லை.

குறுக்கு விசாரணையில் அவன் வக்கீல்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"மழையில் வெட்டு கிடையாது.
வெட்டு இல்லாமல் பால் கிடையாது.
பால் எடுக்கிற ஜீப்பு
எட்டு நாளும் எதற்கம்மா வந்தது?"
பின்வரிசையில் சிரித்தார்கள்.
எனக்கும் சிரிப்பு வந்தது.
நல்ல கேள்விதானே.

தொடர்ந்து வாழ்ந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை.
மாதம் நாலாயிரத்து ஐந்நூறு.
சீதனப் பட்டியலில் ரசீதோடு நின்றது ஒன்றே ஒன்று:
கல்யாணத்துக்கு முந்தின வாரம்
அப்பன் மார்த்தாண்டத்தில் வாங்கிய
ரோலர் மெஷின், இரண்டு எண்ணம்.
"நீ யாருகூடப் போனாலும்
சீதனம் சீதனந்தான்" என்றாள் அஜிதகுமாரி.
வண்டிக்கூலி என் கையிலிருந்து.

இப்போது சந்தைக்குப் பின்னால் ஒற்றை அறை.
மழை நனையாமல் மெஷினுக்கு ஒரு தகரக் கூரை.
அரை ஏக்கர், கால் ஏக்கர்க்காரர்கள்
உறைந்த பாலைத் தட்டோடு கொண்டுவருவார்கள்.
ஷீட்டுக்கு மூன்று ரூபாய்.

போன செவ்வாய்க்கிழமை
புதிதாய் ஒரு பையன்.
தட்டில் பட்டைத்தூளும் எறும்பும் மிதந்தன.
வடிகட்டாத பால், அவசர வெட்டு.
யாருக்க தோட்டம்ணு கேட்டேன்.
"வின்ஸ்லின் அண்ணனுக்க."

பல்லை வெளுப்பாய்க் காட்டிக்கொண்டு நின்றான்,
அவனுக்கு ஒன்றும் தெரியாது.
நான் கைப்பிடியைச் சுற்றினேன்.
ஷீட் நீளமாய் வரிவரியாய் இறங்கியது.

"தொண்ணூறாவது மூட்டுல
இப்பவும் பால் வருதா?"

"நான் மூடு எண்ணினதில்லக்கா."

அவனுக்கு ஷீட்டுக்கு
நாலு ரூபாய் போட்டேன்.